வளையும் சோலார் பனல், வட்டைக்கும் வள்ளத்துக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பாதி வேலை லைன் கரண்ட் போகாத இடத்தில்தான் நடக்கிறது. வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் வாடி, மாட்டுப்பட்டி, வாவியில் தோணி, கடலில் வள்ளம், ரோட்டில் ஓடும் சாப்பாட்டு வண்டி என்று சொல்லிக்கொண்டே போகலாம். இந்த இடங்களுக்கு மெல்லிய, வளையும் சோலார் பனல் சரிவருமா என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். களுவாஞ்சிகுடிப் பக்கம் சின்னச் சின்ன சோலார் வேலை செய்து கொடுக்கிறவன் நான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்கள் கீழே.

வளையும் பனலுக்கும் கண்ணாடிப் பனலுக்கும் என்ன வித்தியாசம்?

உள்ளே இருக்கும் செல் பெரும்பாலும் ஒன்றுதான், சிலிக்கன். கண்ணாடிப் பனலில் செல்லுக்கு மேலே 3 மில்லிமீற்றர் அளவில் கண்ணாடி, சுற்றிவர அலுமினியச் சட்டம். வளையும் பனலில் இரண்டுமே இல்லை. செல்லை பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே வைத்து அழுத்தி ஒட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். தடிப்பு 2 முதல் 3 மில்லிமீற்றர். 100 வாட் கண்ணாடிப் பனல் 6 முதல் 8 கிலோ வரும். இது 2 கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

வளையும் என்று சொல்கிறோமே தவிர, உள்ளே இருக்கும் சிலிக்கன் அப்பளம் மாதிரி. மெதுவாக ஒரு வளைவு கொடுத்து வைத்தால் தாங்கும். பாய் சுருட்டுவது போலச் சுருட்டினால் வெடிக்கும். வெடித்தது வெளியே தெரியாது, படலம் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் குறையும்போதுதான் விளங்கும். உண்மையிலேயே சுருட்டக்கூடிய வேறு வகைப் பனலும் இருக்கிறது, சிஐஜிஎஸ் என்பார்கள். அது நம்ம கடைகளுக்கு அபூர்வமாகத்தான் வருகிறது. விலையும் அதிகம்.

பாரம் குறைவு, வளைகிறது. அப்போ எல்லாருக்கும் இதுதானே நல்லது?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். பாரம், வளைவு, தூக்கிக்கொண்டு திரிவது ஆகிய மூன்றில் ஒன்று உங்களுக்குப் பிரச்சினையாக இருந்தால் மட்டும் வளையும் பனல் வாங்குங்கள். மற்றபடி கண்ணாடிப் பனல்தான். வாட் கணக்கில் கண்ணாடிதான் மலிவு. அது 25 வருஷம் என்ற கணக்கில் செய்யப்படுவது. வளையும் பனல் நல்லதாக இருந்தாலும் அதில் ஒரு பங்குதான் உழைக்கும்.

2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்தப் பயத்தில் இன்னும் பலர் வீட்டுக்கூரைக்கு வளையும் பனல் கேட்டு வருகிறார்கள். ஓட்டு வீடு, கொங்கிறீற் வீடு என்றால் நான் கண்ணாடியைத்தான் காட்டுவேன். வீடு எங்கேயும் நடந்து போகப்போவதில்லை.

100 வாட் பனல் நம்ம வெயிலில் நிஜமாகவே 100 வாட் தருமா?

அட்டையில் உள்ள 100 வாட், ஆய்வுகூடத்தில் செல்லின் சூடு 25 பாகையாக இருக்கும்போது அளந்தது. பகல் 12 மணிக்கு மட்டக்களப்பில் எந்தப் பனல் 25 பாகையில் இருக்கும்? தகரத்தோடு ஒட்டிக் கிடக்கும் பனல் 65, 70 பாகைக்குப் போகும். சிலிக்கன் ஒவ்வொரு பாகை கூடும்போதும் சுமார் 0.4 வீதம் இழக்கும். 65 பாகை என்றால் 16 வீதம் அங்கேயே போய்விட்டது. பிறகு தூசி, வயரில் விழும் இழப்பு, பற்றரிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் எடுப்பது என்று கழித்துக்கொண்டு போனால் மிஞ்சுவது 65, 70 வாட்.

நல்ல வெயில் நாளில் முழு வெயிலுக்குச் சமமாக 5 மணித்தியாலம் கிடைக்கும் என்று வையுங்கள். 100 வாட், 5 மணி, அதில் 70 வீதம்: 350 வாட்-மணி. சித்திரை, வைகாசிக்கு இந்தக் கணக்கு சரி. கார்த்திகை, மார்கழி அடைமழையில் 100 கிடைத்தாலே பெரிய விஷயம்.

வயல் பரணில் இராக்காவலுக்கு எவ்வளவு வேண்டும்?

முதலில் என்னென்ன எரியும் என்று எழுதுங்கள். 5 வாட் எல்ஈடி இரண்டு, இரவில் 5 மணித்தியாலம்: 50 வாட்-மணி. இரண்டு போன் சார்ஜ்: 30. பெரிய டோர்ச் சார்ஜ்: 15. சின்ன றேடியோ: 10 முதல் 15. ஆக மொத்தம் 110 அளவு.

வெயில் காலம் என்றால் இதற்கு 50 வாட் பனல் போதும். ஆனால் யானைக் காவல் எப்போது? பெரும்போகம் கதிர் தள்ளி முற்றும் தை, மாசியில், மாரி முழுக்க விட்டுப்போகாத நேரத்தில். அதனால் 100 வாட் போடுங்கள். பற்றரி இரண்டு இரவுக்குத் தாங்க வேண்டும். 12.8 வோல்ட், 20 அம்பியர்-மணி லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரியில் 256 வாட்-மணி இருக்கும், அது போதும். ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால், அதே வேலைக்கு 40 அம்பியர்-மணி எடுக்க வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு சேற்று வரம்பில் நடந்து பார்த்தவர்களுக்கு அப்புறம் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பரண் கிடுகுக் கூரை. அதன் மேலே அப்படியே கட்டலாமா?

கட்டாதீர்கள். பனலில் ஒரு செல் மட்டும் நிழலில் விழுந்தாலோ வெடித்திருந்தாலோ, மற்றச் செல்கள் தரும் கரண்ட் அந்த ஒன்றில் சூடாக மாறும். பின்பக்கத்துப் பிளாஸ்டிக் கருகி ஓட்டை விழுந்த பனல்களைப் பார்த்திருக்கிறேன். கீழே காய்ந்த கிடுகு இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிடுகுக்கு மேலே இரண்டு ரீப்பைக் கட்டையை வைத்து, அதன் மேல் ஒரு தகரத்துண்டு, தகரத்துக்கும் பனலுக்கும் நடுவே மறுபடி இடைவெளி. கூரையைத் தொடாமல் பக்கத்தில் இரண்டு கம்பு நட்டுக் கட்டுவது இன்னும் நல்லது.

தகரக் கூரையில் கம் போட்டு ஒட்டிவிடலாம் என்று கடையில் சொன்னார்கள்.

ஒட்டலாம், கெதியாய்ப் பழுதாகும். நம்ம பக்கத்தில் வளையும் பனலைக் கொல்வது மழையோ உப்போ அல்ல, அடியில் காற்று இல்லாமை. கண்ணாடிப் பனலுக்குச் சட்டம் இருப்பதால் அடியில் தானாக இடைவெளி வந்துவிடும். வளையும் பனல் தகரத்தோடு அட்டை போல ஒட்டிக்கொள்ளும். தகரமும் சூடு, பனலும் சூடு, இரண்டுக்கும் போக வழியில்லை. கொஞ்ச மாதத்தில் மேற்படலத்தில் கொப்புளம் எழும்பும், பிறகு மஞ்சளாகும்.

நான் செய்வது இதுதான். உள்ளே குழாய் குழாயாக வெற்றிடம் உள்ள பொலிகாபனேற் தகடு ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். பனல் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, அந்தக் குழாய்கள் கூரையின் சரிவோடு மேலிருந்து கீழாக ஓடும்படி வைத்து, அதன் மேல் பனலைப் பிடிப்பேன். சூடான காற்று குழாய் வழியே மேலே ஏறிப் போகும். குழாய் வாயை டேப் போட்டு அடைத்துவிடாதீர்கள். குளவி கூடு கட்டும் என்று பயமிருந்தால் மெல்லிய வலை வையுங்கள். தகடு கிடைக்காவிட்டால் ஒரு அங்குல ரீப்பை நாலு போதும், ஆனால் பனல் நடுவில் தொய்யாமல் பார்க்க வேண்டும்.

நெளித்தகரத்தின் மேடு பள்ளத்தோடு பனலை நெளித்து அமுக்குகிறவர்களும் உண்டு. அது பனலை முதல் நாளே உடைத்து வைக்கும் வேலை.

எந்தப் பக்கம் சரிக்க வேண்டும்?

மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே 7.7 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். படுக்கையாகப் போட்டாலும் பெரிய இழப்பில்லை. மழைத்தண்ணீர் ஓடிப்போக, தெற்குப் பக்கம் ஒரு 10 பாகை சரிவு போதும்.

சரிவை விட நிழலைப் பாருங்கள். பனலில் செல்கள் சங்கிலியாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. ஒரு தென்னோலையின் நிழல் இரண்டு செல்லில் விழுந்தாலும் அந்தச் சங்கிலி முழுக்கக் கரண்ட் படுத்துவிடும். காலை 9 முதல் பின்னேரம் 3 வரை நிழல் விழாத இடமா என்று ஒருநாள் நின்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

வள்ளத்தில், தோணியில் தாங்குமா?

பைபர் வள்ளம் வளையும் பனலுக்கென்றே செய்த இடம் போல. அணியத்து, அதாவது முன்பக்கத்து மேடையின் வளைவுக்கு அழகாகப் படியும், பாரமும் தெரியாது. ஜிபிஎஸ், போன், மீன் பார்க்கும் கருவி, ஒரு லைட், இவ்வளவுக்கும் 50 வாட் போதும்.

பிரச்சினை வேறு. அந்த மேடையில்தான் நீங்கள் ஏறி நின்று வலை இழுக்கிறீர்கள். சில பனல்களை மிதிக்கலாம் என்று அட்டையில் போட்டிருப்பார்கள், நம்பாதீர்கள். குதிக்கால் அழுந்தும் இடத்தில் செல் வெடிக்கும். வலையில் கட்டிய ஈயக் குண்டு இழுபட்டால் மேற்படலம் கீறும். அதனால் ஓரத்துக் கண்களில் கயிறு போட்டுக் கட்டுங்கள், நிரந்தரமாக ஒட்டாதீர்கள். வலை போடும்போது கழற்றி ஓரமாக வைக்கலாம், கரைக்கு வந்ததும் கையோடு வீட்டுக்கும் கொண்டு போகலாம்.

உப்பு பனலைத் தின்பதை விட வயர் முனையைத்தான் தின்னும். செப்பு வயர் பச்சை பூத்துவிட்டால் சார்ஜ் ஏறாது. வெள்ளீயம் பூசிய வயர் எடுங்கள், பனல் வயர் முனையில் வரும் கருப்பு எம்சி4 பிளக்கைக் 'கிளிக்' சத்தம் வரும் வரை அழுத்துங்கள். வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பஞ்சு கிட்டவே வரக்கூடாது.

ஆட்டோ ஹூட்டில் போடலாமா?

ஹூட் வளைவாக இருப்பதால் காலையில் ஒரு பாதி வெயிலிலும் மறு பாதி சாய்விலும் இருக்கும். ஒரு பெரிய பனலுக்குப் பதில் இடது வலது என்று இரண்டு 50 வாட் பனல் போட்டு, பக்கவாட்டாக, அதாவது சமாந்தரமாக இணைத்தால் ஒன்று மங்கினாலும் மற்றது வேலை செய்யும். ஓரங்கள் படபடக்காமல் முழு நீளத்துக்கும் பிடிக்க வேண்டும். ஓட்டத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் செல் இணைப்புக் கம்பி அறுந்துவிடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நின்ற ஆட்டோவிலேயே இது நடக்கும்.

தேத்தண்ணி வண்டி, பொரியல் வண்டிக்காரர்களுக்கும் இதே பதில்தான். லைட், ஒரு டிசி ஃபேன், பாட்டுப்பெட்டி ஓடும், கேத்தல் ஓடாது.

கதிர்காமப் பாதயாத்திரைக்கு எது நல்லது?

பொத்துவில், பாணமை தாண்டி உகந்தை முருகன் கோயிலோடு கரண்ட் முடிந்துவிடும். அங்கிருந்து கூமுனை, யாலக் காடு வழியாக நாள்கணக்கில் நடை. இதற்கு யூஎஸ்பி வாயோடு வரும் மடிப்புப் பனல் வாங்குங்கள், 20 முதல் 28 வாட். துணியில் தனித்தனித் துண்டாகத் தைத்திருப்பதால் தையலில் மடியும், செல் மடியாது.

பைக்குப் பின்னால் தொங்கவிட்டு நடந்தால் சார்ஜ் ஏறும் என்று பெட்டியில் படம் போட்டிருக்கும். காட்டு மர நிழலில் அது ஏறாது. மத்தியானம் தங்குமிடத்தில், ஆற்று மணலில் விரித்துப் போடுங்கள். போனை நேரே மாட்டாதீர்கள், மேகம் வந்து போகும்போதெல்லாம் சார்ஜ் விட்டு விட்டுப் பிடிக்கும். பவர் பாங்க்கை மாட்டி, அதைப் பனலின் அடி நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்த பவர் பாங்க் சூடாகி நின்றுவிடும், சிலவேளை வீங்கியும் விடும். 10,000 மில்லி அம்பியர்-மணி பவர் பாங்க் ஒன்றில் சுமார் 37 வாட்-மணி உண்டு; போன் இரண்டு தடவை நிரம்பும். காட்டுக்குள் சிக்னல் தேடியே போன் பற்றரி இறங்கும், ஃபிளைட் மோட்டில் போட்டுவிட்டு சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நடங்கள்.

கன்ட்ரோலர் இல்லாமல் பனலை நேரே பற்றரிக்குக் கொடுத்தால் என்ன?

12 வோல்ட் பனல் என்று விற்பது வெயிலில் 18 வோல்ட் அளவில் வேலை செய்யும், சும்மா நின்றால் 21, 22 வரும். பற்றரி நிரம்பிய பிறகும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். ஈயப் பற்றரி கொதித்து வற்றும், லித்தியத்தில் உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகை வெட்டிவிடும். ஆகவே கன்ட்ரோலர் கட்டாயம். 100 வாட்டுக்கு 10 அம்பியர் போதும்.

கன்ட்ரோலரில் இரண்டு வகை. பிடபிள்யூஎம் வகை மலிவு, ஆனால் பனலின் 18 வோல்ட்டைப் பற்றரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்து வைத்து மிச்சத்தை வீணாக்கும். எம்பிபிடி வகை அதை அம்பியராக மாற்றித் தரும். 50 வாட்டுக்கு முதலாவதே போதும். 100, 200 என்றால் இரண்டாவதுக்குக் காசு போடலாம். மலிவு விலையில் எம்பிபிடி என்று மேலே எழுதி, உள்ளே பிடபிள்யூஎம் வைத்து விற்பதும் நடக்கிறது. கையில் எடுத்தால் பாரமே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்; நிஜமான எம்பிபிடியில் செப்புச் சுருளும் சூடு இறக்கும் அலுமினியமும் இருக்கும்.

பொருத்தும்போது முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல். பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ்.

பனல் வெளியே, பற்றரி உள்ளே. வயர் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும்?

10 மீற்றர் தூரம் என்றால் போய்வர 20 மீற்றர். 1.5 சதுர மில்லிமீற்றர் வீட்டு வயரில் 5.5 அம்பியர் ஓடினால் 1.2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீற்றர் எடுத்தால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும்.

இணையத்தில் 300 வாட் வளையும் பனல் மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

அளவுநாடாவை எடுங்கள். பனலின் நீளத்தையும் அகலத்தையும் மீற்றரில் பெருக்குங்கள், வருவதை 200 ஆல் பெருக்குங்கள். அந்தப் பனல் தரக்கூடிய வாட் அதைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு மீற்றர் நீளம், அரை மீற்றர் அகலம்: 100 வாட். அதே அளவில் 300 வாட் என்றால் விழும் வெயிலில் 60 வீதத்தைக் கரண்ட் ஆக்குகிறது என்று அர்த்தம். சாதாரண சிலிக்கன் செல்லால் கோட்பாட்டளவில்கூட 30 வீதத்தைத் தொட முடியாது. ஆகவே விற்கிறவர் பொய் சொல்கிறார்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். செல்லுக்குள் மின்னல் கோடு போல மெல்லிய கீறல் ஓடுகிறதா, படலத்துக்கு அடியில் காற்றுக் குமிழி இருக்கிறதா, பின்னால் வயர் வரும் பெட்டி அசைகிறதா பாருங்கள். மேற்படலம் வழுவழுவென்று கண்ணாடிபோல் மின்னினால் பெரும்பாலும் பெட், சோடாப் போத்தல் செய்யும் அதே பிளாஸ்டிக். இரண்டு மூன்று வருஷ வெயிலில் மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும். பொடிப்பொடியாகச் சொரசொரப்பு இருந்தால் ஈடிஎஃப்ஈ என்ற, வெயில் தாங்கும் பிளாஸ்டிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குக் கூட்டிக் கொடுக்கலாம், நம்ம வெயிலுக்கு வேறு வழியில்லை.

பிறகு மல்டிமீற்றர். உச்சி வெயிலில் வைத்து வோல்ட் பாருங்கள், 100 வாட்டுக்கு 20 க்கு மேல் காட்ட வேண்டும். மீற்றரை 10 அம்பியருக்கு மாற்றி இரண்டு முனையையும் நேரே தொட்டால் 5 அம்பியருக்கு மேல் வரவேண்டும். பனலுக்கு இப்படிச் செய்யலாம், ஒன்றும் ஆகாது. பற்றரியில் மட்டும் செய்துவிடாதீர்கள், மீற்றரும் போகும், கையும் போகும்.

ஃபிரிட்ஜ், ரைஸ் குக்கர் ஓடுமா?

ரைஸ் குக்கர், அயன், கேத்தல் எல்லாம் 500 வாட்டுக்கு மேல், மறந்துவிடுங்கள். 12 வோல்ட் கொம்பிரசர் ஃபிரிட்ஜ் ஓடும், ஆனால் நம்ம சூட்டில் நாளைக்கு 300 முதல் 500 வாட்-மணி தின்னும். அதற்குக் குறைந்தது 200 வாட் பனலும் 100 அம்பியர்-மணி லித்தியமும் வேண்டும்.

யானை வேலிக்கு இந்தப் பனல்?

வேலிக் கம்பிக்கு அதிர்ச்சி கொடுக்கும் வேலிப்பெட்டி எடுக்கும் கரண்ட் கொஞ்சம்தான். ஆனால் அது வருஷம் முழுக்க ஒரே கம்பத்தில் நிற்கிறது. கண்ணாடிப் பனல் போடுங்கள். அதோடு, யானை வேலிக்கு அதற்கென்று செய்த பெட்டிதான் பாவிக்க வேண்டும். வீட்டு லைனையோ இன்வேர்ட்டரையோ கம்பியில் கொடுத்தால் யானையும் சாகும், மனிதனும் சாவான்.

மாரியில் என்ன செய்ய?

வாடைக் காற்று தொடங்கும் முன் கட்டுகளைப் பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பனலைக் கழற்றி உள்ளே, கட்டிலுக்கடியில் படுக்கையாக வையுங்கள். இதில் வளையும் பனலுக்குத்தான் வெற்றி, ஒருவரே கழற்றித் தூக்கலாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட பெரியவர்கள் ஊரில் இருந்தால் கேளுங்கள், தகரம் எப்படிப் பறந்தது என்று சொல்வார்கள். வெயில் இல்லாத நாட்களில் பற்றரியை முழுக்க இறக்காமல், ஒரு லைட்டோடு சமாளியுங்கள்.

களவு போகாதா?

போகும். கழற்றச் சுலபம் என்றால் எல்லாருக்கும்தான் சுலபம்.

பழுதான பனலைத் திருத்தலாமா?

பின்பெட்டிக்குள் வயர் கழன்றிருந்தாலோ டயோட் எரிந்திருந்தாலோ திருத்தலாம். அதைத்தான் நாங்கள் முதலில் திறந்து பார்ப்போம். செல் வெடித்ததையும் படலம் கொப்புளித்ததையும் திருத்த முடியாது. மேலே சிலிகோன் பூசி ஓட்டினால் கொஞ்ச நாள் தள்ளலாம், ஆனால் கருகிய இடம் தெரிந்தால் அன்றே கழற்றிவிடுங்கள். அதைக் குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள், அந்தப் படலத்துப் புகை நஞ்சு. பழைய ஈயப் பற்றரியைப் பழைய இரும்பு வாங்குகிறவர்கள் எடுப்பார்கள். அமிலத்தைக் கிணற்றடியில் ஊற்றிவிட்டுக் கொடுக்காமல், அப்படியே கொடுங்கள்.